ஏலம் கேட்கும் முன் கேள்வி கேளுங்கள்

(கோவையில் மோட்டார் பணிமனை நடத்துவோரும் கார்ப் பந்தய ஆர்வலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடைக்குக் கீழே மேசையில் இரண்டு அலாய் வீல் வைத்திருக்கிறேன். இரண்டும் வெண்கல நிறம், இரண்டிலும் ஆறு ஸ்போக், இரண்டிலும் ஒரே ஸ்டிக்கர். உள்ளே வரும்போதே சிலர் குனிந்து பார்த்தீர்கள். ஒன்று ஜப்பானின் ரேஸ் நிறுவனம் செய்த வோல்க் டி.இ. 37. மற்றது அதைப் பார்த்து எங்கோ வார்த்தது. எது எது என்று இப்போது சொல்லப்போவதில்லை. மேசையைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னவனும் நான்தான். பேச்சு முடியும்வரை யாரும் தொடக்கூடாது, கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். இணைய ஏலத்தில் பொருள் வாங்குகிறவன் நிலைமை அதுதான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு லட்ச ரூபாய்க்கு விலை சொல்லியாக வேண்டும்.

சின்ன வயதில் அப்பாவோடு பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போவேன். வியாபாரிகள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். என்ன விலை என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. ஆனால் மாடு எல்லோர் கண்முன்னும் நிற்கும். அப்பா வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பார், மடியில் கை வைப்பார். அப்புறம்தான் துண்டுக்குள் கை போகும். இணைய ஏலம் இதைத் தலைகீழாக மாற்றிவிட்டது. விலை ஊருக்கே தெரிகிறது. மாடு துண்டுக்குள் இருக்கிறது.

நம் மொழியில் 'ஏலம் கேட்பது' என்கிறோம். விலையைக் கேட்கிறோம், சரி. கேள்வியை யார் கேட்கிறோம்? நாற்பது நிமிடம் இங்கே நான் பேசப்போவது அந்தக் கேள்விகளைப் பற்றித்தான். கை செய்யவேண்டிய வேலையைக் கேள்வியால் செய்துகொள்ள முடியும். முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்தவனுக்கு எதைக் கேட்க வேண்டும் என்று ஏற்கெனவே தெரியும். திரையைக் கண்டதும் மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். முதலில் மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன. 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்ததற்கு அந்தக் கட்டுரையே அடித்தளம். தலைப்பில் எலுமிச்சை வரும். அமெரிக்காவில் மக்கர் வண்டிக்கு அதுதான் பெயர். அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாததால் வாங்குபவன் நடுத்தரமான ஒரு விலைதான் சொல்வான். நல்ல வண்டிக்காரனுக்கு அந்த விலை கட்டாது, வீட்டுக்குப் போய்விடுவான். மக்கர் வண்டிக்காரனுக்கு அது கொள்ளை லாபம், அவன் நிற்பான். கடைசியில் சந்தையில் மக்கர்தான் மிஞ்சும். ஏலத்தில் பாதி விலைக்கு ஒரு கியர்பாக்ஸ் வந்தால், நல்ல கியர்பாக்ஸ் வைத்திருந்தவன் ஏன் இந்தச் சந்தையில் நிற்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள்.

நான் ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது எழுந்து கேட்பதற்குப் பதில் நானே சொல்வது மரியாதை.

2016-இல் பணிமனைக்கு வண்டிக் கோளாறு கண்டறியும் ஸ்கேனர் ஒன்று வேண்டியிருந்தது. ஐரோப்பிய வண்டிகள் வர ஆரம்பித்திருந்தன. புதிது வாங்கினால் ஐந்து லட்சத்துக்குக் குறையாது. வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில் அதே மாடல், ஆறு மாதம் பயன்படுத்தியது, 1,40,000 ரூபாய்க்கு வந்தது. என் வீட்டம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "ஏனுங்க, அவங்க ஊர்ல வாங்க ஆளே இல்லாமயா நம்மளத் தேடி வந்து விக்கறாங்க?" நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொருள் வந்தது. பெட்டி, கேபிள், அடாப்டர் எல்லாம் சரி. வேலையும் செய்தது. மூன்று வாரம் கழித்து அப்டேட் போட இணையத்தில் இணைத்தேன். இந்த வரிசை எண் முடக்கப்பட்டது என்று திரையில் ஒரு வரி வந்தது. அதோடு முடிந்தது. அந்தக் கருவி யாரோ ஒரு பணிமனையிலிருந்து திருடுபோனது, உரிமையாளர் தயாரிப்பாளரிடம் எண்ணைச் சொல்லி முடக்கியிருக்கிறார். அவர் செய்தது நியாயம். விற்றவர் தன் கணக்கை மூடிவிட்டுப் போயிருந்தார்.

அந்த ஸ்கேனர் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. பணம் கட்டும் முன் அதன் பின்பக்கத்து வரிசை எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, தயாரிப்பாளரின் சேவை மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். செலவு எதுவும் இல்லை. இன்றைய ஸ்கேனர்களில் பாதி விலை உள்ளே இருக்கும் உரிமத்துக்குத்தான். அந்த உரிமம் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். சில தயாரிப்பாளர்கள் நாட்டுக்கு நாடு பூட்டியும் வைக்கிறார்கள். அங்கே விற்க அனுப்பியது இங்கே அப்டேட் ஆகாது. ஆகவே எண்ணைக் காட்ட மறுக்கிற விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச எதுவுமில்லை. "எண்ணை வெளியே சொன்னால் யாராவது திருடிவிடுவார்கள்" என்பார்கள். பொதுவில் போட வேண்டாம், எனக்கு மட்டும் அனுப்பு என்றால் போதும்.

ஸ்கேனர் என்றதும் இன்னொன்று. வண்டியின் ஓ.பி.டி. போர்ட்டில் சொருகும் சின்ன அடாப்டர், எல்ம் 327, இங்கே எல்லோரிடமும் ஒன்று இருக்கும். கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற சின்னக் கம்பெனி உருவாக்கிய சிப் அது. முதல் பதிப்பில் நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போடாமல் விட்டுவிட்டார்கள். உலகம் முழுக்க நகல். சந்தையில் ரொம்பப் பிரபலமானது 'பதிப்பு 1.5'. கூத்து என்னவென்றால் எல்ம் கம்பெனி 1.5 என்று ஒன்றை வெளியிடவே இல்லை. 1.4 வரிசைக்கு அப்புறம் நேராக 2.0. இல்லாத பதிப்பை லட்சக்கணக்கானோர் அசல் என்று வாங்கியிருக்கிறோம். அது சில நூறு ரூபாய் சமாச்சாரம், போனால் போகட்டும். ஆனால் போலி செய்பவனுக்குப் பொருளின் உருவம் தெரிகிற அளவுக்கு அதன் வரலாறு தெரியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. எந்த வருடம் எந்த மாடல் வந்தது, எந்த நிறத்தில் வரவேயில்லை, எந்த அளவில் செய்யவேயில்லை என்று தயாரிப்பாளரின் பழைய கேட்லாக்கைப் பாருங்கள். இல்லாத அளவில் ஒரு சீட்டையோ வீலையோ கண்டால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

டீலர் தரத்து இன்டர்ஃபேஸ்களின் நகலும் இப்படித்தான் வருகிறது. கோட் படிக்கும், கோட் அழிக்கும், அதுவரை ராஜா. ஈ.சி.எம்.முக்கு, அதாவது என்ஜினை இயக்கும் கணினிக்கு, புது மென்பொருள் ஏற்றும்போது பாதியில் தொடர்பு அறுந்தால் ஈ.சி.எம். செத்துப்போகும். அது நம்முடைய வண்டி இல்லை, கஸ்டமருடையது. நகல் வாங்கி மிச்சம் பிடித்த பணம் ஒரு ஈ.சி.எம்.முக்குக் காணாது.

இப்போது பந்தயத் தம்பிகளிடம் வருகிறேன். கோவைக்குப் பந்தயம் புதிதில்லை. கரிவர்தன் இங்கேதான் ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கினார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரில் இருக்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர், நரேன் கார்த்திகேயன், நம் ஊர்க்காரர். ஆகவே பதினெட்டு வயதுப் பையன் பக்கெட் சீட்டும் ஹார்னஸும் தேடி ராத்திரி இரண்டு மணிக்கு ஏலத் தளத்தில் உட்கார்ந்திருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். நானும் உட்கார்ந்தவன்.

ஹார்னஸைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும். பந்தய சீட் பெல்ட்டுக்கு உலகக் கார்ப் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் தரச்சான்று உண்டு. இப்போது நடப்பில் உள்ள தரம் 8853-2016. பெல்ட்டிலேயே தைத்த லேபிளில் தர எண் இருக்கும், எந்த ஆண்டுக்கு மேல் செல்லாது என்றும் இருக்கும். ஆயுள் ஐந்து ஆண்டு. வெயிலும் வியர்வையும் படப்பட நாடா வலுவிழக்கும், கண்ணுக்குத் தெரியாது. எங்கள் அப்பா மாட்டின் பல்லைப் பிடித்து வயது சொன்னாரே, ஹார்னஸுக்குப் பல் அந்த லேபிள்தான். ஏல விளம்பரங்களில் பாருங்கள், பத்துப் படம் போட்டிருப்பார்கள். பக்கிள் பளபளக்கும், லோகோ பளபளக்கும். லேபிள் மட்டும் எந்தப் படத்திலும் இராது. மடித்துவைத்திருப்பார்கள். படம் எடுத்தவருக்கு லேபிளைக் காட்டத் தோன்றவில்லை என்று நினைக்கிறீர்களா?

லேபிளையும் போலியாக நெய்கிறார்கள் என்பதால்தான் ஹாலோகிராம் வந்தது. எஃப்.ஐ.ஏ. தன் அங்கீகாரம் பெற்ற பொருட்களின் தொழில்நுட்பப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. லேபிளில் உள்ள எண்ணை அந்தப் பட்டியலில் தேடினால் தயாரிப்பாளர் பெயரும் மாடலும் வரவேண்டும். வேறு கம்பெனி பெயர் வந்தால் மேற்கொண்டு விசாரணை தேவையில்லை. காலாவதியானதைத் தெரிந்தே வாங்கினாலும் பயன் இல்லை. போட்டிக்கு முன் நடக்கும் பரிசோதனையில் அதிகாரி முதலில் புரட்டிப் பார்ப்பது லேபிளைத்தான். பிரபலமான பச்சை நிற ஹார்னஸுக்கு உலகம் முழுக்க நகல் உண்டு. அதைக் காரை அழகுபடுத்தக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னான். அழகுக்குக் கட்டினாலும் மோதும்போது அவனைப் பிடிக்கவேண்டியது அதுதானே என்று கேட்டேன். பேசாமல் போய்விட்டான். கழற்றினானா தெரியாது.

போலி உயிரைக் கேட்கும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று. 2012 அக்டோபரில் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் போலிக் காற்றுப்பைகளைப் பற்றி எச்சரிக்கை விட்டது. சோதித்ததில் சில சரியாக விரியவில்லை. சில விரிந்தபோது இரும்புச் சில்லுகளைக் கக்கின. வெளியே கார் கம்பெனியின் முத்திரை அச்சு அசலாக இருந்தது. அதே காலத்தில் வட கரோலினா மாநிலத்தில் ஒருவர் ஈபேயில் ஆயிரக்கணக்கான போலிக் காற்றுப்பைகளை விற்றுச் சிறை சென்றார். அவருக்கு விற்பனையாளர் மதிப்பெண் மோசமாக இருந்திருக்காது, யோசித்துப் பாருங்கள். காற்றுப்பை விரிகிற நாள்வரை யாருக்குக் குறை தெரியும்? வாங்கியவர் எல்லோரும் நல்ல நட்சத்திரம் கொடுத்திருப்பார்கள். பாதுகாப்புப் பொருளுக்கு வாங்கியவர் தரும் மதிப்பெண் பொருள் வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான் அத்தாட்சி. காற்றுப்பை, ஹார்னஸ், ஹெல்மெட் இந்த மூன்றையும் ஏலத்தில் வாங்காதீர்கள் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் கேள்வி நேரத்தில் சண்டைக்கு வரலாம்.

சரி, மற்ற பொருட்களுக்குக் கை போட வழி என்ன? ஒவ்வொன்றிலும் கை எதைத் தேடும் என்று நினைத்துப் பாருங்கள். டர்போவைக் கையில் எடுத்தால் என்ன செய்வோம்? ஷாஃப்டின் நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்போம். பக்கவாட்டில் ஒரு துளி ஆட்டம் இருக்கலாம், எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிற ஷாஃப்ட் அது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. விற்பவரிடம் அதையே செய்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் பிளேடின் விளிம்பில் டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். படத்தை யார் பக்கத்திலிருந்தும் திருடலாம். இப்போது இல்லாத பொருளுக்கே கம்ப்யூட்டர் படம் போட்டுத் தருகிறது. தாளில் பெயரும் தேதியும் எழுதிப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொல்வது பழைய உத்தி, இன்றைக்கு அது மட்டும் போதாது. நீங்கள் சொல்கிற செயலை, சொன்ன வரிசையில் செய்கிற வீடியோவைக் கேளுங்கள். இடது கையால் சுற்று, நிறுத்து, எண்ணின் மேல் விரலை வை. பொருள் கையில் இருப்பவனுக்கு இரண்டு நிமிட வேலை. இல்லாதவன் கோபப்படுவான்.

வீலுக்குத் தராசு. டி.இ. 37 என்ற பெயரில் உள்ள 37 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1996-இல் அது வந்தபோது 15 அங்குலம், ஆறு அங்குல அகலத்து வீலின் எடை 3.7 கிலோ. எடையையே பெயராக வைத்தார்கள். ஃபோர்ஜிங் என்பது அலுமினியக் கட்டியைப் பல ஆயிரம் டன் அழுத்தத்தில் அடித்து உருவாக்குவது. இழை நெருங்கி உலோகம் இறுகும், மெல்லிசாகச் செய்தாலும் தாங்கும். வார்ப்பில் அந்த இறுக்கம் கிடையாது. தாங்கவேண்டுமென்றால் சதை போட வேண்டும், எடை ஏறும். சதை போடாமல் வார்த்தால் பள்ளத்தில் விழுந்ததும் விரிசல். நிறத்தை ஏமாற்றலாம், ஸ்டிக்கரை ஏமாற்றலாம், இரண்டு கிலோவை எங்கே ஒளிப்பான்? ஆகவே மளிகைக்கடைத் தராசில் வைத்துப் படம் அனுப்பு என்று கேளுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் எடை வேறு, கேட்லாக்கை வைத்து ஒப்பிடுங்கள். ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இதே வடிவத்தைத் தன் சொந்தப் பெயரில், வார்ப்பு என்று சொல்லியே விற்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அவர்களைப் பிடிக்கிறதோ இல்லையோ, அது மோசடி ஆகாது. அடுத்தவன் பெயரை ஒட்டுவதுதான் மோசடி.

விளம்பரத்தின் வாசகத்தை வக்கீல் பத்திரம் படிக்கிற மாதிரி படியுங்கள். 'சோதிக்கவில்லை, உள்ளபடியே விற்பனை' என்று ஒரு வரி வரும். ஐயா, பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இல்லாத மோட்டார்க்காரன் உலகத்தில் உண்டா? சோதித்துப் பார்த்தான், ஓடவில்லை, அதனால் சோதிக்கவில்லை என்று எழுதினான். இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வரும். 1995-இல் பியர் ஒமிடியார் ஈபே தளத்தைத் தொடங்கியபோது முதலில் விற்ற பொருள் ஒரு உடைந்த லேசர் பாயின்டர். 14.83 டாலருக்குப் போயிற்று. உடைந்தது என்று தெரிந்துதான் கேட்டீர்களா என்று வாங்கியவரிடம் அவர் விசாரித்தாராம். அவரோ, உடைந்த லேசர் பாயின்டர்களைச் சேகரிப்பவன் நான் என்றாராம். முதல் வியாபாரம் அவ்வளவு நாணயமாக நடந்த சந்தை அது. வெறும் பெட்டியை மட்டும் விற்று, நாலாவது பத்தியில் 'பெட்டி மட்டும்' என்று பொடி எழுத்தில் போடுகிற ஆட்களும் பின்னால் அதே சந்தைக்கு வந்தார்கள்.

விற்பனையாளரின் பழைய வியாபாரத்தையும் புரட்டுங்கள். எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. எதை விற்று அந்த நல்ல பெயர் வந்தது என்பதுதான் விஷயம். ஐந்து வருடம் குழந்தைச் சட்டையும் புத்தகமும் விற்ற கணக்கு, இரண்டு வருடம் தூங்கி, போன வாரம் எழுந்து ஒரே நாளில் நாலு பந்தய கியர்பாக்ஸ் விற்பனைக்குப் போட்டால், அந்தக் கணக்கின் சாவி கைமாறிவிட்டது என்று அர்த்தம்.

இதுவரை பொருளைப் பற்றிச் சொன்னேன். பொருளே இல்லாத மோசடி இதைவிடப் பெரிது. ருமேனியாவின் தென்பகுதியில் அலெக்சாண்ட்ரியா என்று ஒரு ஊர். அங்கிருந்து இயங்கிய ஒரு கூட்டத்தின் மேல் அமெரிக்க அரசு கென்டக்கி மாநிலத்தில் வழக்குத் தொடுத்தது. ஏலத் தளங்களிலும் விற்பனைத் தளங்களிலும் இல்லாத கார்களுக்கு விளம்பரம். திருடிய அமெரிக்கப் பெயர்களில் கணக்கு. விற்பவர் ராணுவத்தில் இருக்கிறார், வெளிநாட்டுப் பணிக்கு உத்தரவு வந்துவிட்டது, அதனால் அவசரமாகக் குறைந்த விலைக்குத் தருகிறார் என்று கதை. பணம் கட்ட, பெரிய கம்பெனிகளின் முத்திரையோடு ரசீது. சந்தேகம் வந்து தொலைபேசினால், வாடிக்கையாளர் சேவை மையம் என்று எடுத்துப் பேச ஆளே வைத்திருந்தார்கள். வந்த பணம் கிரிப்டோ நாணயமாக மாறி நாடு கடந்தது. குறைந்தது 900 அமெரிக்கர்கள் ஏமாந்தார்கள். அந்த நாணயத்தை மாற்றிக்கொடுத்த பல்கேரிய மாற்றகக்காரருக்கு 2021 ஜனவரியில் 121 மாதச் சிறை கிடைத்தது.

ராணுவக்காரர், இடமாற்றம், அவசரம். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? நம் ஊரில் ஓ.எல்.எக்ஸில் புல்லட்டும் ஸ்கூட்டரும் விற்ற 'ராணுவ வீரர்' அதே கதையைத்தான் சொன்னார். சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்புவார். அலெக்சாண்ட்ரியாக்காரன் நம்மிடம் கற்றானா, நம்மவன் அவனிடம் கற்றானா தெரியவில்லை. இரண்டு பேருக்கும் மனித மனம் தெரிந்திருக்கிறது. சீருடையைக் கண்டால் நாம் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறோம். அவசரம் என்றால் கேட்க நேரமில்லாமல் போகிறது. இரண்டும் கேள்வியை அடைக்கிற வழிகள்.

இவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் கூப்பிடுவார்கள்: தளத்துக்கு வெளியே. "தளம் கமிஷன் பிடிக்கிறது, வாட்ஸ்அப்பில் வாங்க, அந்தக் காசை உங்களுக்கே குறைச்சுத் தர்றேன்" என்பார்கள். ஏலத்தில் தோற்றிருப்பீர்கள். மறுநாள் மின்னஞ்சல் வரும்: ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டார், அடுத்த இடம் உங்களுக்கு, இந்தக் கணக்கில் பணம் போடுங்கள். உண்மையான இரண்டாம் வாய்ப்பு தளத்தில் உள்ள உங்கள் கணக்குக்குள்ளேயே காத்திருக்கும். மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல் நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். பணத்தை நடுவில் வைத்துக்கொள்ளும் தரகு நிறுவனம் ஒன்றை விற்பவரே சிபாரிசு செய்தால் இன்னும் உஷாராக இருங்கள். நல்ல தரகு நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றின் முகப்பை அப்படியே நகலெடுத்த போலித் தளங்களும் இருக்கின்றன. தரகரை நீங்கள் தேர்ந்தெடுங்கள். மாடு விற்கிறவன் கூட்டிவந்த தரகனை அப்பா ஒருநாளும் ஏற்றதில்லை.

பணம் போகிற பாதையை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம். கிரெடிட் கார்டில் கொடுத்தால் வங்கியிடம் முறையிட வழி உண்டு. பேபாலில் பொருளுக்கான கட்டணமாகச் செலுத்தினால் 180 நாளுக்குள் புகார் செய்யலாம். அதே பேபாலில் 'நண்பர், உறவினர்' என்று அனுப்பினால் பாதுகாப்பு கிடையாது. முன்பின் தெரியாதவன் என்னை உறவினனாக வைத்து அனுப்பு என்றால், அவனுக்கு நம் சொந்தம் வேண்டாம், அந்தப் பாதுகாப்பு இல்லாத பாதைதான் வேண்டும். நேரடி வங்கி மாற்று, கிரிப்டோ, கிஃப்ட் கார்டு ஆகிய மூன்றும் ஆற்றில் போட்ட மாதிரி. இன்னொன்றையும் கவனியுங்கள். ஏலத் தளங்களின் பணம் திரும்பும் உத்தரவாதம் எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. ஈபேயில் முழு வாகனங்களும், தொழிற்கருவிகளில் சில வகைகளும் அதில் வராது. லிஃப்ட், அலைன்மென்ட் மெஷின் மாதிரி பெரிய கருவி கேட்கும் முன் அந்தப் பட்டியலைப் படித்துவிடுங்கள்.

விலையை ஏற்றிவிட ஆள் விடுவது பற்றி இரண்டு வார்த்தை. விற்பவரே வேறு பெயரில் வந்து தன் பொருளுக்கு விலை கேட்பது. 2010-இல் இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. ஒருவர் தன் மினிபஸ் உள்ளிட்ட பொருட்களுக்குத் தானே ஏலம் கேட்டார். 5,000 பவுண்டு அபராதம், 250 மணி நேரச் சமூக சேவை. இதற்கு வைத்தியம் சுலபம். உங்கள் உச்ச விலையை முன்கூட்டித் தாளில் எழுதி, அதை மட்டும் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். கடைசி நிமிடத்தில் 'இன்னும் ஐநூறு, இன்னும் ஐநூறு' என்று போகிறவனுக்காகத்தான் அந்தப் பினாமி காத்திருக்கிறான்.

வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்குச் சுங்க வரியைக் கூரியர் நிறுவனமே ரசீது போட்டு வாங்கும். 'கஸ்டம்ஸ் அதிகாரி பேசுகிறேன், உங்கள் பார்சலைப் பிடித்துவைத்திருக்கிறோம், இந்த எண்ணுக்கு யு.பி.ஐ. பண்ணுங்கள்' என்று வந்தால் போனை வைத்துவிடுங்கள். சுங்கத் துறையின் கடிதத்தில் ஆவண அடையாள எண் இருக்கும், துறையின் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். பார்சலைப் பிரிக்கும்போது முத்திரை கிழிவதிலிருந்து எண் தெரிகிறவரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பார்சல் எடையும் தெரியட்டும். பன்னிரண்டு கிலோ சீட்டுக்குப் பதிலாக வெற்று உறை வருவது நடக்கிறது. டிராக்கிங்கில் 'ஒப்படைக்கப்பட்டது' என்று விழுந்துவிட்டால் அந்த வீடியோதான் நமக்குச் சாட்சி.

இவ்வளவுக்கும் பிறகு ஏமாந்தால் வெட்கப்பட்டு உட்காராதீர்கள். நான் ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை, அது பெரிய தப்பு. 1930 என்ற எண்ணுக்கு அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரமே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யுங்கள். வங்கிக்கும், ஏலத் தளத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். உரையாடலை அழித்துவிடாதீர்கள். கோபத்தில் அழித்துவிட்டு ஸ்டேஷனுக்கு வந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கிறார். கயிற்றை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறேன். போகும்போது அந்த இரண்டு வீலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். பக்கத்தில் தராசும் இருக்கிறது, ஆனால் முதலில் கையால் தூக்குங்கள். எது போலி என்று தெரிந்தால் பின்னால் நிற்பவரிடம் சொல்லாதீர்கள், அவரும் தூக்கட்டும்.